விரியும் பக்கம்

ஐம்பது வயதைக் கடந்தபின் என் கண்கள் சிறிய எழுத்துகளோடு பிணங்கத் தொடங்கின. 'பல்' என்பதையும் 'பல' என்பதையும் வேறுபடுத்துவது ஒரே ஒரு புள்ளி. திறன்பேசித் திரையில் அப்புள்ளி கரைந்துவிட்டால் பொருளே மாறிவிடும். எனவே, எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் இரு விரல்களை வைத்து அகட்டிப் பார்க்கிறேன். சில பக்கங்கள் விரிகின்றன. சில அசைவதே இல்லை. காரணம் என்னவென்று எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியரைக் கேட்டேன்.

அவர் முதலில் நிலப்படத்தைக் காட்டினார். 2005இல் வெளிவந்த கூகுள் நிலப்படத்தில் உலகம் ஒரே ஓவியமாக இல்லை. சிறு சதுர ஓடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு படி பெரிதாக்கினால் ஓர் ஓடு இருந்த இடத்தில் நான்கு. அடுத்த படியில் பதினாறு. பத்தாம் படியில் பத்து இலட்சத்திற்கும் மேல்! ஆயினும் திரைக்குத் தேவையான சில ஓடுகளே வந்து சேர்கின்றன. படத்தை நகர்த்த நகர்த்த, விளிம்பில் புதியவை வந்து ஒட்டிக்கொள்கின்றன.

எழுத்துக்கு இம்முறை பொருந்தாது. வரி பெரிதானால் அதன் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியையும் வலமும் இடமுமாக நகர்த்திப் படிப்பவர் எத்தனை வரி படிப்பார்? ஆதலால், கணினியின் உலாவியில் பெரிதாக்கும்போது வரிகள் திரையின் அகலத்திற்கேற்ப மடிந்து கீழிறங்க வேண்டும். திரைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் இத்தகைய வடிவமைப்பிற்கு 2010இல் பெயர் சூட்டியவர் ஈத்தன் மார்காட். 1280 படப்புள்ளி அகலத்தில் 400 விழுக்காடு பெரிதாக்கினாலும், உரையைப் படிக்க இரு திசைகளில் உருட்ட நேரக்கூடாது என்கிறது 2018ஆம் ஆண்டின் அணுகல் வழிகாட்டுதல்.

திறன்பேசியில் பெரிதாக்குவதைத் தடுக்கவோ ஒற்றை வரிக் கட்டளை போதும். சில உலாவிகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை; பல பணிந்துவிடுகின்றன. 'பக்கத்தின் அழகு குலையும்' என்பதே அதை எழுதுவோர் சொல்லும் காரணமாம்! என் வகுப்பில் பார்வைக் குறைபாடுடைய மாணவி ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப முயன்றாள். அப்பக்கம் விரியவில்லை. தோழி படித்துக் காட்ட, தன் குடும்ப வருமானத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வகுப்பறையில் எல்லாரும் கேட்க அவள் உரக்கச் சொல்ல நேர்ந்தது.

இப்போது கணினி ஆய்வகத்தில் மாணவர்கள் உருவாக்கும் பக்கங்களை அவள் பார்த்த பின்னரே ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். சென்ற வாரம் ஒன்றைத் திருப்பியனுப்பினாள். 400 விழுக்காட்டில் 'அனுப்புக' என்னும் பொத்தான் திரைக்கு வெளியே போயிருந்தது.