வெட்டாமல் விட்ட குதிரை

சதுரங்கம் நம் பாரத நாட்டில் பிறந்த விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளால் அமைந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. 64 கட்டங்கள், 32 காய்கள், ஆட இருவர். சீட்டாட்டத்தைப் போல இதில் மறைத்து வைக்க ஒன்றுமில்லை. தாயத்தைப் போல அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. எல்லாம் இருவர் கண் முன்னேயும் விரிந்து கிடக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடியே, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர் இவ்வாண்டு ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு படித்தோம். அது விசுவநாதன் ஆனந்த் ஆடிய ஆட்டம்.

“பொதுத் தேர்வு ஆண்டில் செஸ் பலகையா?” என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள், பழனி சாலையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் கேட்டார். எங்கள் விளையாட்டு ஆசிரியை மட்டும் கேட்கவில்லை. ஆட்டத்தின் குறிப்பை ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்து, “தாளின் மேல் அடிக்கோலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். ஆனந்த் அடுத்து என்ன செய்தார் என்று நீங்களே யோசித்து நோட்டில் எழுதிய பிறகுதான் அடிக்கோலை இறக்க வேண்டும். கணினியைக் கேட்காதீர்கள், உங்கள் கண்ணைக் கேளுங்கள்” என்றார். மதிய உணவுக்குப் பின் 20 நிமிடங்கள், வேப்பமரத்துத் திண்ணையில், எங்கள் படிப்பு தொடங்கியது.

ஆட்டத்தைச் சொல்வதற்கு முன் ஆட்டக்காரரைச் சொல்ல வேண்டும். ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தார். ஆறு வயதில் அவருக்குச் செஸ் சொல்லித் தந்தவர் அவருடைய தாயார் சுசீலா. தந்தையார் ரயில்வே அதிகாரி. அவர் பணி நிமித்தமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். அதில் ஒரு புதிரும் கொடுப்பார்கள். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. ஆகவே தாயார் அந்தப் புதிரையும் ஆட்டங்களையும் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். மகன் வென்றுகொண்டே இருந்ததால், “வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே” என்று நிகழ்ச்சிக்காரர்களே கேட்டுக்கொண்டார்களாம்!

சென்னையில் அவர் படித்தது எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியில். பின்னர் லயோலா கல்லூரியில் வணிகவியல். நம்மைப் போலவே மணியடித்தால் வகுப்புக்கு ஓடியவர்தான். அக்காலச் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மிகைல் தால் பெயரால் ஒரு செஸ் மன்றம் இருந்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டராக 1961இல் விளங்கிய மானுவல் ஆரோன் வளர்த்த மன்றம் அது. அங்கே தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம். எழ விரும்பாத சிறுவன் வேகமாகவும் சரியாகவும் ஆடப் பழகினான். 1987இல் உலக ஜூனியர் வாகையர், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2000, 2007, 2008, 2010, 2012 என ஐந்து முறை உலக வாகையர்.

இனி ஆட்டம். 2013ஆம் ஆண்டு, சனவரி 15. நம் ஊரில் பொங்கல் விடுமுறை. நெதர்லாந்தின் விக் ஆன் சே என்ற கடலோர ஊரில் நல்ல குளிர்காலம். ஆனந்துக்கு எதிரே அமர்ந்தவர் லெவோன் ஆரோனியன். அப்போது ஆர்மீனியாவுக்காக ஆடியவர், உலகின் முன்வரிசை ஆட்டக்காரர். வெள்ளைக் காய்கள் அவருக்கு, கறுப்பு ஆனந்துக்கு.

முதல் சில நாட்கள் எங்களுக்குச் சலிப்பாகவே இருந்தன. சிப்பாய், குதிரை, மந்திரி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மந்திரி என்று நாங்கள் சொல்லும் காய்க்கு ஆங்கிலத்தில் பிஷப், அதாவது ஆயர் என்று பெயர். அதைக் கேட்ட எங்கள் சிஸ்டர், “ஆயர் எப்போதும் குறுக்கு வழியில்தான் போவாரா?” என்று கேட்டுச் சிரித்தது தனிக்கதை.

13ஆம் நகர்த்தலில் ஆரோனியனின் குதிரை எச்7 கட்டத்துச் சிப்பாயை வெட்டிக்கொண்டு கறுப்பு ராஜாவின் வாசலிலேயே வந்து நின்றது. நாங்கள் நால்வரும் நோட்டில் ஒரே விடை எழுதினோம்: “அந்தக் குதிரையை வெட்ட வேண்டும்.” அடிக்கோலை இறக்கினோம். ஆனந்த் வெட்டவில்லை! தம் குதிரையை ஜி4 கட்டத்துக்கு, எதிரி ராஜாவின் பக்கம் அனுப்பினார்.

16ஆம் நகர்த்தல் வந்த நாளில் மணியடித்தும் நாங்கள் எழவில்லை. ஆனந்த் இன்னொரு குதிரையைக் கொண்டுபோய் ஈ5 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டின் வாயில் வைத்தார். பலகையை எண்ணிப் பார்த்தோம். அந்தக் குதிரையை வெட்டலாம். ஜி4இல் நிற்கும் குதிரையையும் வெட்டலாம். சி5இல் நிற்கும் மந்திரியையும் வெட்டலாம். எஃப்8இல் நிற்கும் யானையையும் வெட்டலாம். ஒரே நேரத்தில் நான்கு காய்கள் வெட்டுக்குக் காத்து நிற்கின்றன! ஆனால் எதிரிக்கு ஒரு நகர்த்தலில் ஒன்றைத்தானே வெட்ட முடியும்? எஞ்சியவை அவர் ராஜாவைப் பார்த்தபடியே நிற்கின்றன. எங்களில் ஒருத்தியின் தாத்தா திண்டுக்கல்லில் பூட்டுச் செய்தவர். பூட்டுக்குள் உள்ள தகடுகள் எல்லாம் ஒருசேர எழுந்தால்தான் தாழ் விலகும், ஒன்று மட்டும் எழுந்து பயனில்லை என்று அவர் சொல்வாராம். அந்த நான்கு காய்களும் அப்படித்தான் எழுந்து நின்றன.

19ஆம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை யானையை வெட்டி எஃப்8 கட்டத்தில் நின்றது. இப்போது அதைக் கறுப்பு ராஜாவே எட்டிப் பிடிக்கலாம். இந்த முறையாவது வெட்டுவார் என்று எழுதினோம். ஆனந்த் ஒரு சிப்பாயை எஃப்5 கட்டத்துக்கு நகர்த்தினார். வெள்ளை ராணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குறுக்குப் பாதை அடைபட்டது. ஜி4 குதிரைக்குத் துணையும் கிடைத்தது. அகப்பட்ட குதிரையை அவர் 21ஆம் நகர்த்தலில்தான் ராணியால் வெட்டினார்.

எங்கள் தோழி ஒருத்தி தினமும் அன்றைய நிலையைத் தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவள் அம்மா மாலையில் பூக்கட்டுவார். அருகில் அவள் பலகையைப் பரப்பிக்கொண்டு உட்கார்வாள். அம்மாவுக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் அன்று பார்த்துவிட்டு, “ஏன்டி, வாசல்ல வந்து மாட்டிக்கிட்டவனை ஏன் சும்மா விட்டுட்டாரு?” என்று கேட்டாராம். “அது எங்கேயும் ஓட முடியாதும்மா. முதல்ல தன் வீட்டைப் பத்திரமாப் பூட்டிட்டு அப்புறம் பிடிப்பாரு” என்றாளாம் இவள். அம்மா சிறிது நேரம் பூவைத் தொடுத்துவிட்டு, “அவசரப்படாத மனுசர் போல” என்றாராம். எங்கள் நோட்டில் அந்த 19ஆம் நகர்த்தலுக்கு எதிரே நாங்கள் எழுதி வைத்திருக்கும் விளக்கம் இந்த வாக்கியம்தான்.

23ஆம் நகர்த்தலை எங்களில் மூவரால் காண முடியவில்லை. அதற்கு இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் அந்தத் தோழியே கண்டாள். மந்திரியை ஈ3 கட்டத்தில் வைத்தாள். வெள்ளை ராணி டி3இல் நின்று எச்3 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வழியின் நடுவே மந்திரி போய் உட்கார்ந்துகொண்டது. ராணி அதை வெட்டினால் ஜி4 குதிரை ராணியை வெட்டும். வெள்ளை மந்திரி வெட்டினாலும் வழி அடைபட்டே இருக்கும். கறுப்பு ராணி உள்ளே புகுந்து ஆட்டத்தை முடிக்கும். வெட்டாமல் விட்டாலோ உடனே செக்மேட். அடிக்கோலை இறக்கினோம். அதே நகர்த்தல்! அதைப் பார்த்ததும் ஆரோனியன் ஆட்டத்தைக் கைவிட்டார். 23 நகர்த்தல்களில் நாங்கள் சரியாகச் சொன்னவை 12. அவற்றில் பத்து தொடக்கத்தில் எல்லோரும் ஆடுபவை. ஆனாலும் அந்தக் கடைசி ஒன்றுக்காக விளையாட்டு ஆசிரியை எங்களுக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்.

இப்படிப்பட்ட ஆட்டம் திடீரென்று வானிலிருந்து இறங்கி வந்ததா? இல்லை என்பதே நாங்கள் கற்ற பெரிய பாடம். ஆனந்த் இந்தக் கருத்தை 2012இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக வாகையர் போட்டிக்காகவே வீட்டில் ஆராய்ந்து வைத்திருந்தார். அங்கே அதற்கு வாய்ப்பு வரவில்லை. வைத்திருந்தது வீணாகவும் இல்லை. இன்னும் பின்னே போனால், அவர் ஆடிய தடுப்பு முறைக்கு ‘மெரான்’ என்று பெயர். 1924இல் இத்தாலியின் மெரானோ நகரில் அக்கிபா ரூபின்ஸ்டீன் ஆடியதால் வந்த பெயர் அது. அதே ரூபின்ஸ்டீன் 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ராட்லெவி என்பவருக்கு எதிராக, இரு மந்திரிகளையும் எதிரி ராஜாவின் மேல் நிறுத்தி, ராணியையே கொடுத்து வென்றார். 106 ஆண்டுகளுக்குப் பின் ஆனந்தின் இரு மந்திரிகளும் அதே போல நின்றதைக் கண்டு செஸ் உலகம் வியந்தது. புதுமை செய்கிறவர் பழமையை நன்றாகப் படித்தவர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தோல்வியும் அவருக்குப் புதிதன்று. 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் தோற்றார். 2013 நவம்பரில், தாம் வளர்ந்த சென்னையிலேயே மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். இனி ஓய்வுதான் என்று பலர் பேசினர். 2014 மார்ச்சில் சவாலருக்கான போட்டியில் முதலிடம் பெற்று மீண்டும் கார்ல்சனுக்கு எதிரே போய் அமர்ந்தார். அந்த முறையும் தோற்றார். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத் நகரில் உலக விரைவுச் செஸ் பட்டத்தை வென்றார். அவர் போட்ட பாதையில் நடந்தவர்கள் பலர். சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக வாகையர் ஆனார். நமக்கு இன்னும் அருகில் உள்ள பெயர்களும் உண்டு. சென்னையின் விஜயலட்சுமி 2001இல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். ஆந்திராவின் ஹம்பி 2002இல், எங்கள் வயதான 15 வயதில், ஆடவர் பெறும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே பெற்றார். சென்னையின் வைஷாலி 2023இல் அந்த நிலையை எட்ட, அவரும் தம்பி பிரக்ஞானந்தாவும் உலகின் முதல் அக்காள்-தம்பி கிராண்ட்மாஸ்டர் இணை ஆயினர்.

இனி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 23ஆம் நகர்த்தலைக் கண்ட அந்தத் தோழியை, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நூற்பாலை வேலைக்கு அனுப்புவதென்று அவள் வீட்டில் பேச்சு இருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதன்று. காலை நேரத்தில் ஆலைப் பேருந்துகளில் எங்களுக்கு மூத்த அக்காமார் பலர் போவதை நாங்கள் தினமும் காண்கிறோம். உழைப்பு இழிவானது என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டு நாள் யோசித்து அந்தக் கட்டத்தைக் கண்ட கண்கள் இன்னும் இரண்டாண்டு புத்தகத்தைப் பார்க்கக் கூடாதா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவளிடம் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு சிஸ்டரிடம் சென்று பிளஸ் ஒன் சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டில் சம்மதமா என்று சிஸ்டர் விசாரித்தார். “அவ அப்பாகிட்ட இன்னும் பேசிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். மில்லு எங்கேயும் ஓடிப் போயிடாது. முதல்ல இவ படிக்கட்டும்” என்றார் அவர். திண்ணையில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அப்பாவின் முடிவு இதை எழுதும் நாள் வரை வரவில்லை. அதற்காக நாங்கள் மூவரும் காலைச் செபத்தில் தவறாமல் வேண்டிக்கொள்கிறோம்.

அருமைத் தங்கையரே! அடுத்த ஆண்டு அந்தப் பலகையும் எங்கள் நோட்டும் ஒன்பதாம் வகுப்புக்கு வரும். நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. வைஷாலியின் ஆட்டம் ஒன்றையோ ஹம்பியின் ஆட்டம் ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கோலை அவசரப்பட்டு இறக்காதீர்கள். ஒரு கறுப்புச் சிப்பாய் காணவில்லை. அதன் இடத்தில் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம், தேடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் சார்பில்,
‘அ’ பிரிவு மாணவி ஒருத்தி