பனிக்காலமும் பிள்ளைகளின் மேனியும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஆண்டிபட்டியில் வாழ்வோர்க்கு அந்த வகுப்பின் பொருத்தத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊரை ஒட்டி ஆண்டிபட்டிக் குன்றுகள். தெற்கே வருசநாட்டு மலைகள். வடக்கே வைகை அணைக்கும் அப்பால் கொடைக்கானல் மலைத்தொடர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் வீசும் காற்றில் ஈரம் குறைந்து வறட்சி மிகும். கொடைக்கானலைப் போல் உறைபனி விழும் ஊரன்று இது. வெயில் ஏறினால் குளிர் அகன்றுவிடும். எனினும் ஸுப்ஹுடைய பாங்கு ஒலிக்கும் வேளையில் ஹவ்ளின் நீரில் கையை வைத்துப் பார்த்தால் முன்பனி இன்னதென்று தெரியும்.

அந்த வேளையில்தான் நம் பிள்ளைகள் மக்தபுக்கு ஓத வருகின்றனர். பல ஆண்டுகளாக அவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்றைக் கண்டு வருகிறேன். ஆசிரியனின் பார்வை பிள்ளையின் முகத்தைவிட, எழுத்தின்மேல் ஊரும் அதன் விரலில்தான் மிகுதியும் படிகிறது. மார்கழி வந்ததும் அந்த விரல்கள் மாறிவிடுகின்றன. கணுக்களில் கீறல், புறங்கை பூத்து வெளிறுகிறது, கடைவாயில் புண், முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாய் உரிகிறது. சில பிள்ளைகளின் விரல்களில் வெடிப்பு ஆழ்ந்து இரத்தமும் கசிகிறது. "காலம் அப்படி, வெயில் வந்தால் சரியாய்ப் போகும்" என்பது பெரும்பாலும் வீடுகளில் கிடைக்கும் விடை. அது முழு விடையன்று என்பதைக் கூறவே இக்கட்டுரை.

அரபு மொழியில் தோலின் வெளிப்புறத்தை 'பஷரா' என்பர். மனிதனைக் குறிக்கும் 'பஷர்' என்னும் சொல்லும் அதே வேரிற் பிறந்ததுதான். விலங்குகளின் தோலை உரோமமும் கம்பளியும் மறைத்திருக்க, மனிதனின் தோலோ வெளிப்படையாய்த் தோன்றுகிறது. அதனால் அவனுக்கு அப்பெயர் வந்தது என்று அகராதியாசிரியர்கள் விளக்கம் தருகின்றனர். நற்செய்திக்குரிய 'பிஷாரா' என்னும் சொல்லும் இவ்வேரினதே. மகிழ்ச்சி முகத்தின் தோலில் மலர்வதால் அப்பெயர் என்பர். போர்வையின்றிப் படைக்கப்பட்ட உயிர் மனிதன். அவனுக்குத் தோலே போர்வை. குழந்தைக்கோ அப்போர்வை இன்னும் மெல்லியது. கைக்குழந்தையின் மேல்தோல் பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது என்று அளந்து கண்டிருக்கின்றனர்.

தோலின் புறப்படலம் ஒரு சுவரைப் போன்றது. அதன் செல்கள் செங்கற்கள். அவற்றிற்கிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சாந்து உறுதியாய் இருக்கும்வரை உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமியும் அழுக்கும் உட்புகா. குளிர்ந்த வறண்ட காற்று உள்ளீரத்தை உறிஞ்சுகிறது. கொதிக்கும் வெந்நீரும் காரமான சோப்பும் சாந்தையே கரைத்துக் கொண்டு போகின்றன. பின்னர்ச் சுவர் விரிசல் காண்பதில் வியப்பென்ன? ஆகவே பனிக்காலத்தில் நாம் செய்ய வேண்டியவை இரண்டே: இருக்கும் சாந்தைக் கரைக்காதிருத்தல், கரைந்ததை ஈடு செய்தல்.

இது எளிய செய்திதான். ஆயினும் நம் வீடுகளில் இதற்கு இடையூறாக நிற்பவை சில தவறான மார்க்கக் கருத்துகள் என்பதை நான் வருத்தத்துடன் கூற வேண்டியிருக்கிறது. ஒருமுறை கை முழுதும் வெடித்திருந்த ஒரு சிறுவனிடம், "தம்பி, எண்ணெய் தடவக் கூடாதா?" என்றேன். "எண்ணெய் தடவினால் உளூக் கூடாதுன்னு நன்னி சொன்னாங்க, ஹஜ்ரத்" என்றான். பின்னர் அவ்வம்மையாரைக் கண்டபோது அவர் என்னிடம் மற்றொரு கேள்வியும் கேட்டார்: "பச்சைத் தண்ணியிலே உளூச் செய்தாத்தானே ஹஜ்ரத் நன்மை அதிகம்? பிள்ளைக்குச் சுடுதண்ணி கொடுத்துப் பழக்கலாமா?" அவர் பேரன்மீது அன்பில்லாதவர் அல்லர், அவன் தொழுகையாளியாக வளர வேண்டும் என்ற கவலையே அவரைப் பேசவைத்தது. அக்கவலைக்கு மதிப்பளித்தே விடை கூற வேண்டும்.

முதலில் எண்ணெய். திமிஷ்கில் வாழ்ந்து 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தம் 'அல்மஜ்மூஃ' என்னும் பெருநூலில் இதனைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். உறுப்பில் நீர்மமான எண்ணெய்ப்பசை இருந்து, அதன்மேல் ஊற்றிய நீர் தோலைத் தொட்டு ஓடினால், அந்நீர் அங்குத் தங்கி நில்லாவிடினும் உளூக் கூடும். மெழுகுபோல் திரண்டு நீரைத் தடுக்கும் பொருளையே நீக்க வேண்டும். எனவே இரவில் பூசிய தேங்காயெண்ணெய் காலை உளூவுக்குத் தடையன்று. வாசலின் போன்றது கெட்டியாக அப்பியிருந்தால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் போதும்.

எங்கள் வட்டாரத்தில் ஹனஃபீ மத்ஹபினரே மிகுதி. அந்த மத்ஹபின் நூல்களோ தோல் வெடிப்பைப் பெயர் சொல்லியே பேசுகின்றன. 'ஷுகாக்' என்பது அதற்குரிய அரபுச் சொல். வெடிப்புள்ள உறுப்பைக் கழுவ இயன்றால் கழுவுக. கழுவுதல் தீங்கு தருமாயின் ஈரக்கையால் தடவுக. அதுவும் தீங்காயின் அவ்விடத்தை விட்டுவிடுக என்று, 1677-இல் மறைந்த ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்களின் 'துர்ருல் முக்தார்' சலுகையைப் படிப்படியாக வகுக்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிதாபுகளில் இடம்பெற்ற வெடிப்புக்கு நம் வீட்டுத் திண்ணையில் இடமில்லாமற் போவானேன்?

அடுத்து நீரின் வெம்மை. இன்னல் வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதற்குப் பெரும் நன்மை உண்டென்பது நபிமொழி. அதில் ஐயமில்லை. ஆனால் வந்து சேர்ந்த இன்னலைப் பொறுப்பது வேறு. அடுப்பும் விறகும் இருக்க இன்னலைத் தேடிச் செல்வது வேறு. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஊறு நேரும் என்றஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். பின்னர் அதனைக் கேட்டறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை. உயிரச்சம் நேர்ந்த இடத்துச் சலுகை அது. நம்மூர்க் குளிருக்குத் தயம்மும் இல்லை. ஆயினும் தோழருக்கே அத்துணை இரக்கம் காட்டிய மார்க்கம், கடமைப் பருவம் எய்தாத ஏழு வயதுப் பாலகனுக்கு ஒரு செம்பு வெந்நீரை மறுக்குமோ? நீரைக் கண்டு நடுங்கும் பிள்ளை, நாளடைவில் பள்ளிவாசலைக் கண்டும் பின்வாங்கும். அந்த இழப்பு வெடித்த விரலைவிடப் பெரிது.

மூன்றாவது, துடைத்தல். உளூவின் ஈரத்தைத் துடைக்காது விடுவதே சிறப்பு என்று ஷாஃபிஈ மத்ஹபில் கூறப்படினும், குளிர் முதலிய காரணம் இருப்பின் துடைப்பதற்குத் தடை கூறப்படவில்லை. ஹனஃபீ மத்ஹபிலோ துடைப்பதால் குற்றமில்லை. ஈரக்கை காற்றில் தானே உலரும்போதுதான் தோல் மிகுதியும் வறளுகிறது. ஆகவே பிள்ளையின் தோளில் ஒரு சிறு துவாலை இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றியெடுக்கச் சொல்லுங்கள்.

இனிக் குளியலுக்கு வருவோம். இப்னு ஸீனா (980–1037) தம் 'கானூன்' நூலின் முதற்பகுதியிலேயே பச்சிளங்குழந்தையின் பராமரிப்பைப் பேசி, நீரின் வெம்மை காலத்திற்கேற்றதாய் இருக்க வேண்டும் என்கிறார். இன்றைய மருத்துவர் சொல்வதும் அதற்கு மாறானதன்று. நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆவி பறக்கக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும்.

இங்கே நம் வழக்கத்தில் ஒரு திருத்தம் தேவை. குளிக்கு முன்னர் எண்ணெய் தேய்த்து, பின்னர்ச் சீயக்காயோ கடலைமாவோ இட்டு அதனை ஒட்டத் தேய்த்தெடுப்பது நம் மரபு. அதனால் பனிக்காலத்தில் தோலுக்குத் தங்குவது யாதுமில்லை. குளித்து ஒற்றியபின், மேனியில் ஈரம் சிறிது இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள், எண்ணெயையோ களிம்பையோ மெல்லப் பூச வேண்டும். அது ஈரத்தை உள்ளே வைத்து மூடும் போர்வை. இரவு உறங்குமுன் மற்றொருமுறை பூசலாம்.

எந்த எண்ணெய்? கம்பம் பள்ளத்தாக்கின் தோப்புகளில் விளையும் தேங்காயின் எண்ணெயே போதுமானது. கரப்பான் கண்ட 117 பிள்ளைகளிடம் பிலிப்பைன்சு நாட்டில் எட்டு வாரம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயைவிடத் தூய தேங்காயெண்ணெய் மிகுந்த பயன் தந்தது. டாக்கா நகரச் சிசு மருத்துவமனையில் 1998 முதல் 2003 வரை குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் கடும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன. தோலைக் காத்தல் சில வேளை உயிரையே காத்தலாகிறது.

ஸைத்தூன் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். உம்ரா சென்று மீள்வோர் அன்போடு கொணரும் அக்குப்பியை உடனே குழந்தையின் மேனியில் பூசுவது பல வீடுகளில் வழக்கம். குர்ஆன் பரக்கத்துடையது எனப் போற்றிய மரத்தின் நெய் அது. உண்ணவும் பூசவும் நபிமொழி ஊக்குவித்த எண்ணெய். அதன் சிறப்பில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் 2013-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் பெரியவர்கள் சிலரிடம் சோதித்ததில், சில வாரங்கள் தொடர்ந்து பூசிய ஸைத்தூன் எண்ணெய் தோற்சுவரைத் தளர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. அதிலுள்ள ஒலீயிக் அமிலத்தின் மிகுதியே காரணம் என்பர். ஒரு பொருளின் சிறப்பைக் கூறும் சொல், எல்லா வயதுக்கும் எல்லா நோய்க்கும் அதுவே மருந்தென விதிப்பதாகாது. வெடித்த தோலுக்கும் கரப்பானுக்கும் தேங்காயெண்ணெய் இருக்கட்டும். ஸைத்தூன் உணவுத் தட்டில் இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகளையும் தாய்மார்கள் மனத்திற்கொள்ள வேண்டும். சளிக்கெனக் கற்பூரத்தைக் காய்ச்சிய எண்ணெயிற் கரைத்துக் கைக்குழந்தையின் மார்பில் தேய்ப்பது கேடு. கற்பூரம் உடலிற் சேர்ந்தால் வலிப்பு உண்டாகும். பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த கம்பளியைத் துவைத்து வெயிலில் காயவைத்த பின்னரே அணிவியுங்கள். பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதிக் குறைபாடு உடைய சிசுக்களுக்கு அந்துருண்டையின் நெடி இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சட்காமாலை தரும். கம்பளியை நேரே மேனியில் உராயவிடாமல் உள்ளே ஒரு பருத்திச் சட்டை இடுக. குளிர்காயும் நெருப்பருகில் பிள்ளைகளை நெடுநேரம் அமர்த்தாதீர். உதட்டை நாவால் நனைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அதட்டல் பயன் தராது. உதட்டில் சிறிது எண்ணெய் தடவுவதே மருந்து.

இன்னொன்று: எல்லா அரிப்பும் பனியின் வேலையன்று. இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்கில் சிறு கொப்புளம், வீட்டில் மற்றோர்க்கும் அதே தொல்லை. இவை சிரங்கின் அடையாளங்கள். ஒரே போர்வையில் பிள்ளைகள் நெருங்கி உறங்கும் குளிர்காலத்தில் அது எளிதிற் பரவும். மதரஸா விடுதிகளில் பயின்ற எங்களைப் போன்றோர்க்கு அது புதிதன்று. அதற்கு எண்ணெய் தீர்வாகாது. மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டார் அனைவரும் ஒரே நாளிற் பூசி, ஒருவாரங் கழித்து மறுபடியும் பூசினால்தான் அது நீங்கும். துணிகளையும் போர்வைகளையும் அன்றே வெந்நீரில் துவைத்துவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மறைப்பதால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது பரவுகிறது.

மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் ஆபத்தானவை. முதலில் நலமானதுபோல் தோன்றச் செய்து, பின்னர்த் தோலையே மெலியச் செய்துவிடும். செம்மை படர்ந்து நீர் கசிந்தாலோ, மஞ்சட் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ காலம் தாழ்த்தல் ஆகாது. க.விலக்கில் 2004 முதல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த பிள்ளையை இன்று பேருந்தில் சில நிமிடங்களில் அங்குச் சேர்த்துவிடலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மார்கழியும் தையுமாகிய இரண்டு திங்களுக்கு, ஓத வரும் பிள்ளைகளுக்கென ஓர் அண்டா வெந்நீர் வையுங்கள். அருகில் கொடியில் சில துவாலைகள் தொங்கட்டும். அவை ஒவ்வொரு நாளும் துவைக்கப்படட்டும். மாடத்தில் ஒரு குப்பித் தேங்காயெண்ணெய் இருக்கட்டும். எண்ணெய் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் எவரிடமும் கேளாமல் இரண்டு சொட்டு எடுத்துக் கையில் தடவிக்கொண்டு, அலிஃபின்மேல் விரல் வைத்து ஓதட்டும். ஜமாஅத்துக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.