இலையை மடித்தால்தானே தெரியும்!

கல்யாண வீட்டில் ஃபோட்டோகிராஃபருக்குக் கடைசிப் பந்திதான். அப்பளம் நமுத்திருக்கும், பாயசம் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு லாபம் உண்டு. மற்றவர்கள் சாப்பிடும்போது ஓரமாக நின்று பந்தி எப்படி நடக்கிறது என்று முழுசாக வேடிக்கை பார்க்கலாம். செங்கல்பட்டில் அப்பா ஆரம்பித்த ஸ்டூடியோவை நான் நடத்த ஆரம்பித்த பிறகு பார்த்த பந்திகளுக்குக் கணக்கே இல்லை. என் கம்ப்யூட்டருக்கு வந்த ஒரு வியாதி எனக்குப் புரிந்ததும் அந்தப் பந்தியை வைத்துத்தான்.

2014-ல் என்னிடம் இருந்தது 2012 மாடல் மேக்புக் ப்ரோ. கீழ்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பன் என்னை ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போய் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்க வைத்து, அவனே மாட்டியும் கொடுத்தான். ஆப்பிளுடையது அல்ல, வேறு கம்பெனித் தயாரிப்பு. மாட்டி முடித்ததும் ஏதோ ஒரு சின்ன மென்பொருளையும் போட்டான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. மெஷின் ஓடிய வேகத்தில் மயங்கிப்போயிருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னடா, லைட்டு போட்ட மாதிரி சட்டுனு எரியுது!" என்றார்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேக்குக்குப் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. யோசெமிட்டி என்று பெயர். இலவசம். இலவசம் என்றால் நாம் விடுவோமா? அன்றைக்கே ஏற்றிவிட்டேன்.

கார்த்திகை முகூர்த்தங்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்தது, மெஷின் மாட்டு வண்டி ஆனது. கார்டிலிருந்து படங்களை இறக்கப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் பாதிகூட முடிந்திருக்காது. வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் அந்தக் கலர் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். "அண்ணா, ஆல்பம் எப்பண்ணா?" என்று புதுப்பெண்கள் வேறு போன் மேல் போன்.

வைரஸ் என்றார் ஒருவர். மெமரி போதாது என்றார் இன்னொருவர். கடைசியில் தாம்பரத்து நண்பன் வந்து சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திறந்து, சாட்டா என்ற தலைப்பில் ஒரே ஒரு வரியைக் காட்டினான். டிரிம் சப்போர்ட்: நோ.

"இதாண்டா உன் வியாதி. அன்னிக்கு நான் ஆன் பண்ணிக் குடுத்தேன். நீ புது ஓ.எஸ். போட்டதும் ஆஃப் ஆயிடுச்சு."

டிரிம் என்றால் என்ன? அவன் விளக்கியது எனக்கு ஏறவில்லை. ஒரு வாரம் கழித்து, திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு மண்டபத்தில் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது.

இப்போதெல்லாம் மண்டபங்களில் நீள மேஜை மேல் பேப்பர் விரித்து, அதன் மேல்தான் இலை போடுகிறார்கள். பந்தி முடிந்ததும் ஓர் ஓரத்திலிருந்து பேப்பரோடு சேர்த்து எல்லா இலையையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். எஸ்.எஸ்.டி.யும் அப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு சிலேட்டு மாதிரி. ஏற்கெனவே எழுதியிருப்பதன் மேலேயே எழுதலாம். எஸ்.எஸ்.டி.யில் அது முடியாது. சாப்பிட்ட இலையில் அடுத்தவருக்குப் பரிமாற முடியாதல்லவா? முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். எழுதுவது இலை இலையாக; சுத்தம் செய்வது மேஜை மேஜையாக. ஓர் இலையை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை.

மேஜையில் பத்து இலை இருக்கிறது, இரண்டு பேர் இன்னும் சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த இரண்டு பேரை இலையோடு அடுத்த மேஜைக்கு மாற்றிவிட்டுத்தான் பேப்பரைச் சுருட்ட முடியும். அதனால்தான் பந்தி பார்ப்பவருக்கு யார் எழுந்துவிட்டார், யார் இன்னும் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவருக்கு அடையாளம் என்ன? மடித்த இலை.

நாம் ஒரு ஃபைலை அழிக்கும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். விருந்தாளி இலையை மடிக்காமல் எழுந்து போன மாதிரி. உள்ளே வேலை பார்க்கும் எஸ்.எஸ்.டி.க்கு அது தெரியாது. 'கை கழுவப் போயிருக்கார், திரும்பி வருவார்' என்று நினைத்து அந்த எச்சில் இலையையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலையும். நாளாக நாளாக மண்டபமே ஆளில்லாத இலைகளால் நிறைந்துவிடும். புதிதாக ஒருவர் வந்தால் உட்கார இடம் கிடைக்காது. வேகம் குறைவதற்குக் காரணம் இதுதான். இன்னொரு நஷ்டமும் உண்டு. எஸ்.எஸ்.டி.யின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். வீணாகத் தூக்கி அலைந்தால் ஆயுளும் அதில் கரைகிறது.

"இந்த இலைக்காரர் எழுந்துவிட்டார்" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவிடம் சொல்கிற கட்டளைதான் டிரிம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த இலை மடிக்கும் வழக்கம் விண்டோஸுக்கு 2009-ல், விண்டோஸ் 7-லேயே வந்துவிட்டது. மேக்கில் 2011 முதல் இருந்தாலும், ஆப்பிள் தானே பொருத்திக் கொடுத்த எஸ்.எஸ்.டி.களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். வெளியில் வாங்கி மாட்டியவர்கள், கணினியின் டிரைவர் ஃபைலில் சின்னத் திருத்தம் செய்யும் மென்பொருளைப் போட்டுச் சமாளித்தார்கள். நண்பன் எனக்குப் போட்டது அதைத்தான். ஓ.எஸ். மாறும்போது பழைய டிரைவர் ஃபைல் போய்ப் புதிது வரும். திருத்தமும் கூடவே போய்விடும்.

யோசெமிட்டியில் இன்னொரு பூட்டும் சேர்ந்தது. டிரைவர் ஃபைலில் யாராவது கை வைத்திருந்தால் முத்திரை பொருந்தவில்லை என்று சிஸ்டம் அதை ஏற்காது. டிரிம் வேண்டுமென்றால் அந்த முத்திரைச் சோதனையையே மொத்தமாக நிறுத்த வேண்டும். பிறகு என்றாவது அந்த செட்டிங் அழிந்துபோனால், மெஷினைப் போட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு தடை வட்டம் வந்து அப்படியே நின்றுவிடும். உள்ளே ஆறு கல்யாணம் இருக்கும்போது அந்த விளையாட்டுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நண்பன் ஒரு கைவைத்தியம் சொன்னான்: "டிரைவ்ல கால் பாகத்தை எப்பவும் காலியா வை. பந்திக்கு ரெண்டு மேஜை சும்மா கிடந்தா நெரிசல் இருக்காது." அப்படியே தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி ஓட்டினேன்.

2015 ஜூன் 30 அன்று வந்த 10.10.4 அப்டேட்டில் ஆப்பிளே ஒரு வழியைத் திறந்தது. டெர்மினலில் 'சூடோ டிரிம்ஃபோர்ஸ் எனேபிள்' என்று அடித்தால் வெளி கம்பெனி எஸ்.எஸ்.டி.க்கும் டிரிம் கிடைக்கும். ஆடி மாதம், கல்யாணம் இல்லை, கை ஓய்வாக இருந்தது. அடித்தேன். உடனே ஒரு நீண்ட எச்சரிக்கை வந்தது. இந்த டிரைவ்களை நாங்கள் சோதித்ததில்லை, தரவு அழியலாம், கெடலாம், முக்கியமான தரவு இருக்கும் இடத்தில் இதைப் பயன்படுத்த வேண்டாம், முதலில் பேக்கப் எடுங்கள் என்று. 'சரியா?' என்று ஒருமுறை. 'இப்போதே ரீஸ்டார்ட் ஆகும், பரவாயில்லையா?' என்று இன்னொரு முறை.

அந்தப் பயம் வெறும் சம்பிரதாயம் அல்ல. அதே 2015-ல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் லினக்ஸ் சர்வர்களில் டிரிம் ஓடியபோது நல்ல தரவும் சேர்ந்து அழிந்தது. முதலில் பழி எஸ்.எஸ்.டி. மேல் விழுந்தது. தோண்டிப் பார்த்ததில் பிழை லினக்ஸுக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. மடிக்காத இலையும் சேர்ந்து குப்பைக்குப் போன கதை.

நான் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் 'ஒய்' அடித்தேன். மெஷின் அணைந்து எழுந்தது. டிரிம் சப்போர்ட்: எஸ். ஒன்றிரண்டு நாளில் பழைய வேகம் திரும்பிவிட்டது. எச்சரிக்கை சொன்னபடி பேக்கப் எடுத்தேன், சரி. அன்றைக்கு மட்டும் எடுத்தேன் என்பதுதான் பிரச்னை.

ஆவணியில் ஒரு கல்யாணம். மறுவாரம் மணமக்களை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய் விடியற்காலையில் படம் எடுத்தோம். பெண்ணின் தாத்தாவும், "நானும் கடலைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று வேனில் ஏறிவிட்டார். கடற்கரைக் கோயில் பின்னால் தெரிய, வேட்டியை மடித்துக் கட்டி மணலில் உட்கார்ந்தார். வெயில் கண்ணில் பட, பேத்தி பக்கத்தில் குந்தி அவர் நெற்றிக்குக் கையைக் குடையாகப் பிடித்தாள். அவர் எதற்கோ பொக்கை வாயால் சிரித்தார். எட்டோ பத்தோ எடுத்தேன்.

புரட்டாசியில் இடத்தைக் காலி செய்ய உட்கார்ந்தேன். 'மகாபலிபுரம்' என்று ஒரு ஃபோல்டர், 'மகாபலிபுரம் 2' என்று ஒன்று. இரண்டாவது நகல் என்று நினைத்து அழித்தேன். டிராஷையும் காலி செய்தேன். கார்டு எப்போதோ அடுத்த விசேஷத்துக்கு ஃபார்மட் ஆகிவிட்டிருந்தது.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். "தம்பி, அப்பா தவறிட்டாரு. மகாபலிபுரத்துல சிரிக்கற மாதிரி எடுத்தீங்களாமே, பொண்ணு சொல்லுது. அதைப் பெரிசா ஃபிரேம் போட்டுக் குடுங்க. பதினாறாம் நாளுக்கு வேணும்."

தேடினேன். தாத்தா படம் முழுக்க அந்த இரண்டாவது ஃபோல்டரில்தான் இருந்திருக்கிறது. முன்பு ஹார்ட் டிஸ்க் காலத்தில் இப்படி ஒருமுறை அழித்துவிட்டு, மீட்கும் மென்பொருள் போட்டு எல்லாப் படத்தையும் திரும்ப எடுத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் மறுபடி ஓட்டினேன். ஃபைல் பெயர்கள் வந்தன. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், டிரிம் ஆன்ல இருந்துச்சா?" ஆமாம் என்றதும் லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். காசு வாங்கவில்லை.

இலை மடித்தாயிற்று, பேப்பரையும் சுருட்டியாயிற்று. டிரிம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மடித்தது நான்.

என்னிடம் அப்போது உதவிக்கு இருந்த பையன் மெதுவாக, "அண்ணா, அன்னிக்கு நான் போன்ல ஒண்ணு எடுத்தேன்" என்றான். அவன் தாத்தா ஜாடையில் இருக்கிறார் என்று எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். இடம் போதாமல் தன் போனில் அழித்துவிட்டான். அவன் அம்மா போனில் இருந்தது. வாட்ஸ்அப் சுருக்கிய சின்னப் படம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக மட்டுமே பிரிண்ட் போட முடிந்தது.

ஃபிரேமை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். பெண்ணின் அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிப்பு தெரியுது. போதும் தம்பி" என்றார். பெண் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் எடுத்த குரூப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதைத்தான் மாலை போட்டு வைத்தார்கள். அதில் தாத்தா சிரிக்கவில்லை. என் சின்ன ஃபிரேமை அந்தப் பெண் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். கல்யாண வீட்டில் இலையை நம் பக்கம் மடிப்போம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த மேக் பிறகும் பல வருடம் ஓடியது, கேட்டலினா வரைக்கும். ஒவ்வொரு முறை ஓ.எஸ். மாற்றியதும் முதல் வேலையாக அந்த ஒரு வரியைப் பார்ப்பேன். டிரிம் வேண்டாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது இல்லாமல் எஸ்.எஸ்.டி. வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அது இருக்கும் வீட்டில் அழித்தது அழித்ததுதான். அதனால் இரண்டு வேறு டிஸ்கில் நகல் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. ஆல்பம் கைமாறும் வரை கார்டை ஃபார்மட் செய்வதில்லை. ஃபிலிம் காலத்தில் அப்பா நெகட்டிவைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது இதற்குத்தான்.

இதைப் போனில் படிக்கிறீர்களா? உங்கள் கையிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு போன்கள் 2013-ல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, சும்மா கிடக்கும் நேரத்தில் தாமாகவே இந்த வேலையைச் செய்கின்றன. நீங்கள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது, பகலில் அழித்த இலைகளை எல்லாம் அது சுருட்டி எடுத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் வாரம் ஒருமுறை ஓடும். 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடினால் கடைசியாக என்று ஓடியது என்பது தெரியும்.

சாப்பிட்டு முடித்தால் இலையை மடியுங்கள், நல்ல பழக்கம். பக்கத்து இலையில் யாராவது இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.