நோன்புக் கஞ்சியும் கணினி மேசையும்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும், மதுரையில் எங்கள் அடுப்படியை ஒட்டிய மேசையே என் அலுவலகமாயிற்று. ஏப்ரல் இறுதியில் ரமளான். பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. 2,895 பள்ளிவாசல்களுக்கென அரசு ஒதுக்கிய 5,450 டன் பச்சரிசி வீடுகளுக்கே பிரித்தளிக்கப்பட்டது. தூக்குவாளியில் வந்த கஞ்சியை இனி நாமே காய்ச்ச வேண்டும்.

‘வீட்டில்தானே இருக்கிறீர்கள்’ என்றார் மேலாளர். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்றார்கள் வீட்டார்! நோன்பு திறக்கும் ஆறரை மணிக்கே தினமும் அலுவலகக் கூட்டம். ஆறு முதல் ஏழு வரை வர இயலாது என எழுதியனுப்பினேன், ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் கேட்பதுதான் கடினமாயிருந்தது. கடை அடைத்திருந்ததால் கணவர் ஓய்வாகவே இருந்தார். கேட்டேன். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். ஜூன் 24 அன்று மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோதும் அகப்பை அவர் கையில்தான் இருந்தது.