லயத்து வாசலில் எட்டுப் பேர்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. பினாங்குக்கு வருகிற யாரும் இந்தச் சந்தியில் நிற்பதற்காக வருவதில்லை. ஜார்ஜ் டவுனில் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கொடிமலைக்கு ரயில் ஏறுவார்கள். மிஞ்சிப்போனால் புக்கிட் தம்புனில் நண்டு சாப்பிட எங்கள் ஊரைக் கடந்து போவார்கள். அதனால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை இங்கே கூட்டி வந்து நடக்க வைக்கப்போகிறேன், அதற்குக் காசும் வாங்கப்போகிறேன் என்று நண்பன் சொன்னபோது சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பத்து காவான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது வேலை போனவன். கையில் கொஞ்சம் இழப்பீட்டுப் பணமும் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

திட்டம் எளிது. செம்பனைத் தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் நடை, நடுவில் மாரியம்மன் கோயில், பழைய லயம், மதியச் சாப்பாடு. பிறகு வேனில் கடற்கரைக்குப் போய் இரண்டாவது பாலத்தைப் பார்ப்பது. ஓர் ஆளுக்கு 80 வெள்ளி. ‘சுத்தமான காற்று, மாறாத தோட்ட வாழ்க்கை’ என்று விளம்பர வாசகம்கூட எழுதி வைத்திருந்தான். வரலாற்றுக் குறிப்பு எழுதுவதும் வழிகாட்ட ஓர் ஆளைப் பிடிப்பதும் என் வேலை.

வரலாறு எழுதுவது சிரமமாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி கரும்புக் காடு. அந்தக் கரும்புக்காகத்தான் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக செபராங் பிறைக்குக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1910இல் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பது நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, இப்போது செம்பனை போய் அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டையும் வந்துகொண்டிருக்கின்றன. 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடியது. 2019இல் ஐக்கியா வந்தது. கடற்கரையில் நின்றால் தீவுக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தெரியும். தொழுநோயாளிகளை வைத்திருந்த தீவு. கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன் அடைத்து வைத்த தனிமை முகாமும் அங்கேதான் இருந்தது. பாலத்தைப் படம் எடுக்கிறவர்களிடம் அந்தத் தீவையும் காட்ட வேண்டும் என்று எழுதினேன். நண்பனுக்கு அது பிடித்திருந்தது. பழைய துயரம் விற்கும்.

வழிகாட்டியாக நான் சொன்ன ஆள் என் பெரியம்மா. முப்பது வருசம் வெளிக்காட்டு வேலை. முதலில் பால்வெட்டு, பிறகு செம்பனையில் மருந்தடிப்பு. முதுகில் டப்பாவைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடித்த பெண்கள் தலைமுறையில் ஒருவர். தோட்டத்துக் கறுப்புக் குழாய் எங்கே போகிறது, எந்த வாய்க்கால் ஓரம் பாம்பு கிடக்கும், எந்த மரத்துக்குக் கீழே நிற்கக்கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோகூட இருக்கும், தலையில் விழுந்தால் பேச்சே கிடையாது.

நண்பனின் விளம்பரத்தை அவரிடம் படித்துக் காட்டினேன்.

“சுத்தமான காத்தா? யாருடா எழுதினது? நாங்க மருந்தடிச்சு வந்து கண்ணு எரிஞ்சு ராத்திரியெல்லாம் படுத்துக் கெடந்தோமே, அந்தக் காத்தா?”

பாராகுவாட் என்கிற களைக்கொல்லி மலேசியாவில் முழுதாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனிதா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆவணமாக்கிப் போராடின. பெரியம்மாவுக்கு அந்த ஆவணங்கள் எதுவும் தெரியாது. நகம் உதிர்ந்தது தெரியும்.

“நான் வர்றேன். ஆனா இதையும் சொல்லுவேன். சொல்லக்கூடாதுன்னா வேற ஆளப் பாரு.”

நண்பன் தயங்கினான். “ஞாயித்துக்கெழம ஜாலியா நடக்க வர்றவங்ககிட்ட வெசத்தப் பத்திப் பேசினா மறுபடி வருவாங்களா, ப்ரோ?” நியாயமான கேள்விதான். கிராம நடையைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதை எதிர்கொள்கிறார்கள். பொறுப்பான சுற்றுலா என்றதும் பிளாஸ்டிக் போத்தலைத் திரும்ப எடுத்துப் போவது, மரக்கன்று நடுவது என்று பேசுகிறோம். அவை சுலபம். நடக்கிற பாதையில் வாழ்கிறவர் தன் கதையைத் தன் விருப்பப்படி சொல்லலாமா, சொல்ல மாட்டேன் என்று மறுக்கலாமா என்பதுதான் கஷ்டமானது.

சில வருடங்களுக்கு முன் இலங்கையில் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதையின் ஒரு பகுதியில், ஹப்புத்தளைப் பக்கம், நடந்திருக்கிறேன். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். பிரிட்டிஷ் காலத்தில் தேயிலை இறங்கிவந்த தடங்களை இணைத்து உருவாக்கியது. அழகு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறை வாடகை, சாப்பாடு, முச்சக்கரவண்டி என்று சிற்றூர்களுக்குக் காசு போய்ச்சேரும் வழி அதில் இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாதை தேயிலைத் தோட்டங்களுக்கும் லயங்களுக்கும் ஊடாகப் போகிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரர் கேமராவைத் தூக்கினார். அக்கா சட்டென்று சிரித்துக் கூடையைச் சரிசெய்து நின்றார். படம் முடிந்ததும் சிரிப்பும் முடிந்தது, கை நீண்டது. பிறகு நான் தமிழில் பேசியதும், “நீங்க எங்கருந்து வாறீங்க?” என்றார். மலேசியா என்றேன். “அங்கயும் லயம் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது என்று சொல்வதா, இருக்கிறது என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு போராடி 2021இல்தான் அங்கே நாள் கூலி 1000 ரூபாய் ஆனது. ஒரு படத்துக்கு அவர் கேட்ட காசை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பிச்சை இல்லை. அவருக்குத் தெரியாமலே அவரை வைத்து நடக்கிற வியாபாரத்தில் அவர் போட்ட கட்டணம்.

அதே மலையகத்தில் 2023 ஜூலை கடைசியில் இன்னொரு நடை நடந்தது. மூதாதையர் வந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, அவர்கள் அன்று நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத் தமிழர்கள் நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நிலமும் வீடும் கூலியும் கேட்டு நடந்தது. அதற்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. நம் இளைஞர்கள் பெக்கோ டிரெயிலின் படங்களைப் பகிர்ந்த அளவுக்கு அதைப் பகிரவுமில்லை என்பது என் சின்ன மனத்தாங்கல்.

பாதுகாப்பு பற்றி நண்பனிடம் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை. குரங்கணி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்து மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல், கோடைக்காலம், முறையான அனுமதி இல்லாத வழி. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்தபோது உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக வைத்தது. எங்களுடையது தட்டையான செம்பனைக் காடுதான். என்றாலும் அது தனியார் நிலம். நிர்வாகத்தின் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு விளம்பரமும் போடக்கூடாது, குலை வெட்டுகிற நாளில் நடை கிடையாது என்று முடிவானது.

சண்டை வந்தது கணக்கில். எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போனால் லயத்து வாசலில் ஊர்வலம் மாதிரி ஆகிவிடும் என்றேன். எட்டுப் பேர், 640 வெள்ளி. பெரியம்மாவுக்கு 120. சமைக்கிற மூன்று பெண்களுக்கு, சாமான் செலவோடு, 160. கோயிலுக்கு 50. வேன் 100. காப்புறுதி 40. மிச்சம் 170. மாதம் நாலு நடை என்றால் 680.

“இதுல நான் என்னத்தச் சாப்பிடறது?”

இருபது பேர் என்றால் அவன் பிழைப்பான். லயத்தில் இருக்கிறவர்கள் காட்சிப்பொருள் ஆவார்கள். இரண்டுக்கும் நடுவில் நல்ல எண் ஒன்று இருப்பதாக எனக்குப் படவில்லை. இந்தத் தொழில் ஒரு குடும்பத்தை முழுதாகத் தாங்காது. வேறு வருமானம் இருக்கிறவன் கூடுதலாகச் செய்யலாம். அவன் இப்போது வாரநாளில் கிராப் ஓட்டுகிறான். கூட்டத்தைப் பெருக்கி லாபம் பார்க்கும் நடைகளைவிட இது நேர்மையானது என்று நினைக்கிறேன். ஆனால் அவன் மனைவியிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இன்னொன்றும் இருந்தது. லயத்தில் இப்போது பாதி வீடுகளில் தமிழர்கள் இல்லை. வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள், ஓர் அறைக்கு நாலைந்து பேர். நண்பனின் திட்டத்தில் ‘பழைய லயம், 20 நிமிடம்’ என்று இருந்தது. அந்தப் பையன்களிடம் கேட்கலாமே என்றான். முதலாளியின் நிலத்தில், முதலாளியின் அனுமதிக் கடிதத்தோடு வருகிறவர்களிடம் அவர்கள் எப்படி வேண்டாம் என்று சொல்வார்கள்? பெரியம்மா அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார்.

“ஞாயித்துக்கெழமதான் அதுங்க தூங்குறது. கோயில் பக்கமா சுத்திப் போவோம். லயம் பாக்கணும்னா என் வீட்டுக்கு வரட்டும். நான் தொறந்து விடறேன்.”

பெரியம்மா தோட்டத்தை விட்டு வந்து பதினாலு வருசம் ஆகிறது. இப்போது இருப்பது சிம்பாங் அம்பாட்டில் மலிவு விலை அடுக்குமாடியில், ஏழாவது மாடி. அதைச் சொன்னேன்.

“அதுக்கென்ன? லயத்துல இருந்தவங்க எங்க போனாங்கன்னு பாக்கட்டும். லிப்ட் வேல செஞ்சா சரி.”

வாசகத்தை மாற்றி எழுதியாயிற்று. சுத்தமான காற்று போய்விட்டது. அடுத்த மாதம் முதல் நடை. இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் இருவர் லிப்ட் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டிருக்கிறார்கள்.