வேண்டிக்கொள்ளுதல்

மைசூரு அரண்மனைக்குத் தெற்கே அக்ரஹாரம். வடக்கே, அசோகா சாலையை ஒட்டி, இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது பிலோமினாள் பேராலயம். புனித சூசையப்பரின் பெயரும் அதற்கு உண்டு. மக்கள் வாயில் நிலைத்தது பிலோமினாளின் பெயர் மட்டுமே. நிலவறையில் இறங்கி அவள் முன் நிற்பவர்களில் கிறித்தவர் அல்லாதோரும் உள்ளனர். அவர்களுக்கு அது எந்தச் சமயத்தின் கட்டடம் என்பதைவிட, தமக்காகப் பேச அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதே பெரிது.

யார் அவள்? 1802இல் உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. குழியை மூடியிருந்த மூன்று சுட்ட ஓடுகளில் இலத்தீன் எழுத்துகள் இருந்தன. ஓடுகள் வரிசை மாறிப் பதிக்கப்பட்டிருந்தமையால் இருந்தபடியே படித்தால் பொருள் இல்லை. முதல் ஓட்டைக் கடைசிக்கு மாற்றிப் படித்தபோது, பிலோமினா என்பவளுக்கு அமைதி கூறும் வாழ்த்து கிடைத்தது. அவளைப் பற்றிக் கல்லறை சொன்னது அவ்வளவே. வாழ்க்கை வரலாறு பிற்காலத்தில் சேர்ந்தது. 1926இல் அவளது திருப்பண்டம் ஒன்றைத் திருத்தந்தையின் பிரதிநிதி பிசானியிடமிருந்து பெற்றவர், மன்னரின் செயலாளராக இருந்த தம்பு செட்டி. 1933இல் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1961இல் வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து அவளது திருநாளை நீக்குமாறு உரோமை ஆணையிட்டது. மைசூருவில் பெயர் மாறவில்லை, வருவோரும் நிற்கவில்லை.

வரலாற்றாசிரியருக்கு இது சங்கடமான செய்தி. மொழியியலாருக்கோ சுவையானது: வரிசை மாறிய ஒரு பெயர்த்தொடர், தன்னைச் சுற்றி இத்தனை பேரின் வேண்டுதல்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இறந்தோர் நமக்காகப் பரிந்து பேசுவர் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. கிறிஸ்து ஒருவரே நடுவர் என்று சீர்திருத்தத் திருச்சபைகள் அதை மறுக்கும். அதற்குக் காட்டும் வசனம் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரம் தொடங்குவதோ, எல்லா மனிதருக்காகவும் வேண்டுங்கள் என்னும் அறிவுரையோடு. ஆக, சண்டை இறந்தோரைப் பற்றியது. உயிரோடிருப்பவர் பிறருக்காக வேண்டவேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கில்லை. கடினமானதும் அதுவே.

அதற்குத் தமிழ்க் கிறித்தவம் வைத்திருக்கும் சொற்கள் பல. 'பரிந்துரை' இன்று அலுவலகக் கடிதமாகத் தேய்ந்துவிட்டது. அதன் வேரில் இருப்பது பரிவு. 'திறப்பில் நிற்றல்' எசேக்கியேல் நூலிலிருந்து வந்தது: இடிந்த மதிலின் உடைப்பில் ஆள் நிற்பது. கத்தோலிக்கத் திருப்பலியில் 'விசுவாசிகளின் மன்றாட்டு' என்றொரு பகுதி உண்டு. நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அப்பகுதியை மீட்டெடுக்கச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு ஆவணம். மன்றாடுதல் மன்றத்தில் வழக்காடுதல். (சோழர் கல்வெட்டுகளில் 'மன்றாடி' வேறொருவர்: கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர். பிறர் கொடுத்த விளக்கு அணையாமல் காப்பவர் அவர் என்பதை எண்ணும்போது, தொடர்பில்லாத இந்தப் பொருளையும் விட மனம் வரவில்லை.)

வழக்காடுதலுக்கு விவிலியத்தின் முதற்பெரும் சான்று ஆபிரகாம். சோதோமில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என ஆறு முறை பேரம் பேசுகிறார். பலரும் இக்கதையைப் பத்தோடு நிறுத்திவிடுகின்றனர். தொடர்ந்து படிக்கவேண்டும். பத்துப் பேர்கூட அந்நகரில் இல்லை, நகரம் எரிகிறது. மறுநாள் விடியற்காலையில் ஆபிரகாம், தாம் கடவுள்முன் நின்ற அதே இடத்துக்குத் திரும்பி வந்து, சூளையின் புகைபோல் எழும்பும் புகையைப் பார்க்கிறார். லோத்து தப்பியது கதைசொல்லிக்கும் வாசகருக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்ததாக அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. வழக்காடியவர் தீர்ப்பைப் பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவே.

எளிய சொல்லுக்கு வருவோம்: 'வேண்டிக்கொள்'. செயலின் பயன் யாரைச் சேர்கிறது என்பதைத் தமிழில் துணைவினை காட்டும். 'சட்டை தைத்துக்கொடுத்தாள்' என்றால் பயன் பிறருக்கு. 'தைத்துக்கொண்டாள்' என்றால் தனக்கு. இந்தக் கணக்குப்படி பிறருக்காக வேண்டுபவர் 'வேண்டிக்கொடுத்தேன்' என்றல்லவா சொல்லவேண்டும்? எவரும் அப்படிச் சொல்வதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்காக வேண்டினாலும் 'வேண்டிக்கொண்டேன்' என்பதே வழக்கு. 'கேட்டுக்கொள்', 'ஒப்புக்கொள்' முதலியவற்றிலும் 'கொள்' இவ்வாறே உறைந்து நிற்பதால், இலக்கணத்தைக் கொண்டு இறையியலை நிறுவுவது மோசடி. ஆயினும் பிறருக்கான வேண்டுதலில் வளர்ச்சி என்று ஒன்று உண்டென்றால், அதன் திசையை இந்த 'கொள்' சரியாகக் காட்டுகிறது. பிறர் தேவை முதலில் ஒரு செய்தியாக வருகிறது. சிலரிடம் அது அங்கேயே நின்றுவிடுகிறது. சிலரிடம் அவர்களது சொந்தத் தேவையாகிவிடுகிறது.

செய்தியாகவே நின்றுவிடுவது இன்று மிக எளிது. வாட்ஸாப் குழுவில் ஒருவர் தந்தையின் அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறார். அரைமணி நேரத்தில் நாற்பது கூப்பிய கைகள். 'ஜெபிக்கிறோம்' என்பது நிகழ்காலத்தில் எழுதப்பட்டாலும், பெரும்பாலும் எதிர்காலத்தையும் குறிப்பதில்லை. அதைவிட மோசம், 'வேண்டிக்கொள்ளுங்கள்' என்னும் முன்னுரையோடு ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் ஊரெங்கும் போவது. புறங்கூறலுக்கு இதைவிடப் பத்திரமான உறை கிடையாது.

ஏமி கார்மைக்கேலின் கடைசி ஆண்டுகளை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1895இல் பெங்களூருவில் வந்திறங்கிய அயர்லாந்துப் பெண். பின்பு திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, கோயிலுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கி, டோனாவூரைத் தம் இடமாக்கிக்கொண்டவர். அவரது மதமாற்ற ஆர்வத்தையும், எல்லாவற்றையும் தம் கைக்குள் வைத்திருந்த போக்கையும் இன்றைய ஆய்வாளர் கேள்வி கேட்பது நியாயமே. 1931 அக்டோபரில் அவர் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. அங்கிருந்து எழுதினார், மற்றவர்களுக்காக வேண்டினார். ஓடியாடியவர் முடங்கியதால் செபத்துக்கு ஒதுங்கினார் என்று இதைச் சொல்வது வழக்கம். அது முழுமையில்லை. அவர் வேண்டிய பெயர்கள் பட்டியலில் வந்தவை அல்ல. அவற்றில் பல, முப்பது ஆண்டுகளாக அவர் தூக்கி வளர்த்து, காய்ச்சலில் கண்விழித்து, கோபித்து, கல்யாணம் செய்துவைத்து, சிலவேளை புதைத்தும் அறிந்த பெயர்கள். கால்கள் செய்துகொண்டிருந்த அதே வேலையைத்தான் அந்த அறை தொடர்ந்தது.

எல்லாருக்கும் முப்பது ஆண்டுகள் வாய்ப்பதில்லை. சிறியது ஒன்று செய்யலாம். சில சபைகளில் மூத்த பெண்கள் ஒரு பழைய நோட்டு வைத்திருப்பர். இடப்பக்கத்தில் பெயரும் தேதியும் தேவையும், வலப்பக்கம் வெறுமை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடிப்போய், தையல் பிரித்தாயிற்றா, கடன்காரர் வந்தாரா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்பர். கேட்டு வந்ததை வலப்பக்கத்தில் எழுதுவர். அங்கே 'இறந்துவிட்டார்' என்று எழுதவேண்டிய நாளிலும் நோட்டை மூடுவதில்லை. அடுத்த வரியில் அவருடைய மனைவியின் பெயரை எழுதுவர்.