புள்ளகுட்டிக்காரனுக்கு எந்தத் தெரு?

கல்யாணத்துக்கு முன்னாடி வீடு தேடுறது ரொம்ப ஈஸி. தண்ணி வருதா, பைக் நிறுத்த இடம் இருக்கா, பக்கத்துல மெஸ் இருக்கா... மூணே கேள்வி. நாலு வயசுல ஒண்ணு, ஒன்றரை வயசுல ஒண்ணுன்னு ரெண்டு வாண்டுகளை வச்சுக்கிட்டுத் தேடினா கேள்வித்தாளே மாறிடுது.

தங்கமணிக்குக் காஞ்சிபுரத்துல வேலை கிடைச்சதால சென்னையை விட்டுக் கிளம்பினோம். எனக்கு வாரத்துல மூணு நாள் வீட்டுலேர்ந்தே ஆணி புடுங்கலாம், மீதி ரெண்டு நாள் செங்கல்பட்டு வழியா ரயில். பழக்கதோஷத்துல எக்ஸெல் ஷீட் போட்டு ஒவ்வொரு ஏரியாவுக்கும் மார்க் போட ஆரம்பிச்சேன்.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு முன்னோட்டம். ஏகாம்பரநாதர் கோயிலும் ராஜவீதிகளும் இருக்கிறது பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுத்தி இருக்கிறது சின்ன காஞ்சிபுரம். தேர் ஓடுறதுக்காக அகலமா போட்ட தெருக்கள். நூறு வருஷத்துக்கு முன்னாடி பேட்ரிக் கெடஸ்ங்கற நகரமைப்பு நிபுணர் இதைப் பார்த்துட்டு ரொம்பவே பாராட்டியிருக்கார்.

ஆனா கல்யாணப் பட்டு எடுக்க வர்ற வேன் கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. முகூர்த்த சீசன்ல காந்தி ரோட்டைக் குழந்தையோட தாண்டிப் பாருங்க, புரியும். கோயிலுக்குப் பக்கத்துலன்னா வைகாசி கருட சேவைக்கு வாசலைத் தாண்டவே முடியாது. 2019ல அத்திவரதருக்காக ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் ஊரே திணறுச்சு. அடுத்தது 2059லதான், அப்ப என் பொண்ணுக்கே நாற்பது நெருங்கியிருக்கும் :-)

வேகவதி ஆத்தங்கரைப் பக்கம் வாடகை கம்மி. 2015லயும் 2021லயும் மழைத்தண்ணி பூந்ததை நினைச்சா ஏன்னு புரியும். அங்க வீடு பார்க்கறவங்க டைல்ஸைப் பார்க்கறதுக்கு முன்னாடி சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கான்னு பாருங்க.

ஊருக்கு வெளியில இருக்கிற புது மனைப்பிரிவுகள்தான் என் ஷீட்ல முதல் மார்க். காத்து, வெளிச்சம், கார் நிறுத்த இடம் எல்லாம் இருக்கு. ஆனா தங்கமணி ஒரு மதியம் மூணு மணிக்கு என்னை அங்க இழுத்துட்டுப் போனா. பாதி மனை புதர். கட்டின வீடெல்லாம் பூட்டு. தெருவுல ஒரு நாய், அப்புறம் நாங்க. "இங்க பாப்பா விழுந்தா யாரு தூக்குவா?"ன்னா. ஷீட்ல அதுக்குக் காலமே இல்லை.

அதே வாரம் மூணு மணிக்குப் பிள்ளையார்பாளையம் போனோம். நெசவாளர்கள் இருக்கிற பகுதி. குறுகலான தெரு, ஒட்டி ஒட்டி வீடு. பூங்கா கிடையாது. ஆனா கதவு திறந்திருக்கு, உள்ள தறிச்சத்தம் கேக்குது. யாராவது ஒரு பெரியவங்க வீட்டுலயே இருக்காங்க. நாங்க இருந்த அரைமணி நேரத்துல மூணு பேர் "யாரைப் பார்க்கணும்?"னு கேட்டாங்க. சிசிடிவி எல்லாம் அப்புறம்தாங்க. நம்மளுக்கெல்லாம் எவ்வளவோ முன்னாடியே ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணவங்க இவங்க.

உடனே "ஆஹா, அந்தக் காலத்துத் தெரு"ன்னு உருகிடாதீங்க. காஞ்சிப் பட்டுல உடலும் கரையும் வேற வேற நிறத்துல வர்ற கோர்வைச் சேலைக்கு மூணு நாடா ஓடணும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீசத் துணைக்கு இன்னொரு ஆள் வேணும். ஒரு காலத்துல பல வீடுகள்ல அந்த ஆள் ஒரு குழந்தையா இருந்துச்சு. முதலாளிகிட்ட வாங்கின முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாம தறியில உக்காந்த பசங்களைப் பத்தி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003ல அறிக்கையே போட்டுச்சு, அதுல காஞ்சிபுரமும் இருக்கு. எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார், "நான் அஞ்சாவதோட தறிக்கு வந்துட்டேன் தம்பி, பேத்தி பிளஸ் டூ படிக்குது."

அவர் பையன் ஒரகடத்துல ஷிப்ட் வேலை. நெசவுக் கூலியில குடும்பம் நடத்த முடியலையாம். போனவரைத் தப்பு சொல்ல முடியுமா? ஆனா ஒரு தறி நின்னா ஒரு கதவு மூடுது. தெருவைப் பார்த்துக்கிட்டிருந்த ரெண்டு கண்ணு குறையுது.

இன்னொண்ணும் சொல்லணும். வேற ரெண்டு இடத்துல வீடு பிடிச்சும் வேணாம்னு வந்தோம். ஒரு வீட்டுல "அசைவம் சமைப்பீங்களா?" இன்னொரு வீட்டுல வாடகையைச் சொல்றதுக்கு முன்னாடியே "நீங்க என்ன ஆளுங்க?" தங்கமணி செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா, "நம்ம புள்ளைங்க இந்தக் கேள்வியைக் கேட்டு வளர வேணாம்."

கடைசியில பிள்ளையார்பாளையத்துலயே குடி வந்தாச்சு. கார் நிறுத்த இடமில்லை, மீட்டிங்ல மைக்கை ஆன் பண்ணினா தறிச்சத்தமும் சேர்ந்து பேசுது. ஆனா சின்னவன் அந்தச் சத்தத்துலயே தூங்கப் பழகிட்டான். பெரியவ எதிர்வீட்டுத் திண்ணையில எப்ப பார்த்தாலும் இருக்கா.

வீடு பார்க்கப் போறவங்களுக்கு என் ஷீட்ல மிஞ்சினது ஒரே வரிதான்: வேலை நாள்ல மதியம் மூணு மணிக்குப் போங்க, தெருவுல யாரு இருக்காங்கன்னு பாருங்க.

எங்க தெருவுல இன்னும் ஆள் இருக்காங்க. தறியில கூலி கட்டுப்படியாகிற வரைக்கும் இருப்பாங்க.